முசியே இறந்த காரணம்

லாஸ்பேட்டை,
7-7-2024, ஞாயிறு.

இனியா அப்பாவுக்கு வினோதா எழுதுவது. நான், மாமா, இனியா மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். தொப்பியை ரூமில் வைத்துவிட்டுக் கிரேனில் ஏறாதீர்கள்.

தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் வந்தால் மாமா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? டைப் அடித்தால் எனக்கு நாலு வரிக்கு மேல் வராது. அதனால் தாளில் எழுதுகிறேன். நாளைக்கு ஆபீசில் வைத்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

புதன்கிழமை நான் போனில் "முசியே போயிட்டான்" என்று சொன்னதோடு லைன் கட்டாகிவிட்டது. அப்புறம் நீங்கள் கூப்பிட்டபோது மாமாவே போனை வாங்கி, "ஆமாம்பா, எறந்துடுச்சி, விசாரிச்சிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். விசாரிக்கிறேன் என்றால் என்ன என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

நடந்தது இதுதான். பதினொன்றரை மணி இருக்கும். காலேஜ் ஆபீசில் புது அட்மிஷன் கூட்டம். மாமா போன் செய்து, "வினோதா, வீட்டுக்கு வாம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.  ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். ஹாலில் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. மாமா கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டு, துண்டில் முசியே. அந்தக் கொண்டை மட்டும் அப்படியே நிமிர்ந்து நின்றது. கன்னத்து ஆரஞ்சுப் பொட்டு கொஞ்சமும் மங்கவில்லை. "காபி குடிச்சிட்டு வந்து பாக்குறேன், கீழ கெடக்குது. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சி" என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

அத்தை இறந்த வருஷம் நீங்கள் அதைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இந்தக் கிளிக்கு காக்டெயில்னு பேரு" என்றதும், அது கொண்டையைத் தூக்கிக்கொண்டு கம்பியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்ததைப் பார்த்து மாமா, "பேரு கெடக்குது, பழைய பிரெஞ்சுக்கார தொர மாதிரி நடக்குது பாரு, முசியே" என்றதும் ஞாபகம் இருக்கிறதா? அத்தை போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த முதல் பேச்சு அதுதான் என்று அப்போது நீங்கள் சொன்னீர்கள்.

செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைத்தோம். குழியை மாமாவே தோண்டினார். மண்ணைப் போடுவதற்கு முன்னால் இனியா, அது எவ்வளவு வெயிட் இருக்கும் தாத்தா என்று கேட்டாள். நான் அவளை அதட்ட வாயெடுத்தேன். மாமா அவளைப் பார்த்து, நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் சமையலறைத் தராசை எடுத்து வந்தார். எண்பத்தெட்டு கிராம். அதை ஒரு நோட்டில் எழுதினார்.

அன்றிலிருந்து அந்த நோட்டு அவர் கையை விட்டு இறங்கவில்லை. தீயணைப்பு நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம், ஒவ்வொரு தீயும் எப்படிப் பிடித்தது என்று எழுதிக் கொடுத்தவர் இல்லையா? அதே மாதிரி எழுதுகிறார். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது, தினை எந்தக் கடையில் வாங்கியது, தண்ணீர்க் கிண்ணம் எப்போது கழுவியது, பூனை வந்த தடம் உண்டா. வியாழக்கிழமை கூண்டைப் பிரித்து ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, துணியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழவே இல்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார். எதிரில் போனால் ஏதாவது கேள்வி கேட்கிறார். செவ்வாய்க்கிழமை ராத்திரி அது எத்தனை மணிக்குத் தலையைச் சிறகுக்குள் செருகியது என்று என்னைக் கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் நானும் இப்போது அவரைப் போல ஆகிவிட்டேன். காலையில் குக்கர் விசில் அடித்ததும் நாங்கள் மூன்று பேரும் கூண்டு இருந்த மூலையைத் திரும்பிப் பார்க்கிறோம். அது பதில் விசில் அடிக்குமே, அதற்காக. தினமும் மூன்று விசிலுக்கும் திரும்புகிறோம். முதல் விசிலில் ஏமாந்தவர்கள் இரண்டாவதற்கு ஏன் திரும்புகிறோம்? இதை மாமாவிடம் கேட்டேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நீங்கள் அவரிடம் பேசும்போது இதைப் பற்றி நீங்களாக எதுவும் எடுக்காதீர்கள். அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
வினோதா.


லாஸ்பேட்டை,
21-7-2024, ஞாயிறு.

இனியா அப்பாவுக்கு,

இனியாவுக்குக் கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு மார்க், அறிவியலில் நாற்பத்தொன்பது. பதினான்காம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் விழாவுக்குக் கடற்கரையில் வாணவேடிக்கை விட்டார்கள், அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மாமா வரவில்லை. சந்தோஷமான செய்தி இவ்வளவுதான். மீதியை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. படித்துவிட்டு உடனே போன் செய்து கத்தாதீர்கள்.

போன வாரம் நீங்கள், "வேற ஒன்னு வாங்கிக் குடுத்துடு" என்று சொன்னீர்கள். நான் அப்படியே மாமாவிடம் கேட்டேன். "மொதல்ல இது ஏன் செத்துச்சின்னு தெரியட்டும். தெரியாம இன்னொன்ன கொண்டாந்து அதே எடத்துல வெக்கறதா" என்றார். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு தாள் நிறைய கேள்வி எழுதிக் கொடுத்து, கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினார்.

சாப்பாட்டு நேரத்தில் போனேன். டாக்டர் பாரதி என்று ஒரு பெண், நம்மைவிடச் சின்ன வயசு. ஒரு ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை வாங்கிப் படித்தார். பறவைக்கு மாரடைப்பு வருமா, வந்தால் கத்துமா, தினையில் மருந்து அடித்திருந்தால் எத்தனை மணி நேரத்தில் தெரியும் என்று வரிசையாக இருந்தது. சிரித்துக்கொண்டே படித்தவர் கடைசிக் கேள்விக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அது என்னைக் கூப்பிட்டிருந்தால் வராந்தா வரைக்கும் கேட்டிருக்குமா என்று எழுதியிருந்தார் மாமா. "யாருங்க இத எழுதினது?" என்று டாக்டர் கேட்டார். என் மாமனார் என்றேன்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். வீட்டில் நான்ஸ்டிக் பாத்திரம் இருக்கிறதா என்றார். இருக்கிறது, தோசைக்கல் என்றேன். அன்றைக்கு அது காலியாக அடுப்பில் ரொம்ப நேரம் காய்ந்ததா என்றார். இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு அந்த மத்தியானம் கண் முன்னால் வந்தது.

காலையில் இனியாவுக்குத் தோசை வார்த்துவிட்டு, கல்லைக் கழுவி, வலது அடுப்பு மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். இடது அடுப்பில் மாமாவின் காபிக்குப் பால் பாத்திரம். மாமா கூப்பிட்டு நான் வந்தபோது சமையலறையில் ஒரு மாதிரி காரமான வாடை இருந்தது. தோசைக்கல்லில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. கறுப்பு வெளுத்து, நடுவில் தோல் உரிந்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் அது மனசில் ஏறவில்லை. தண்ணீரை ஊற்றிக் கழுவி வைத்தேன். அவ்வளவுதான்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். அந்தக் கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் ஒரு புகை வருமாம். நமக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, கூண்டுப் பறவைக்குச் சில நிமிஷம் போதுமாம். அதன் நுரையீரல் அப்படி. கூப்பிடக்கூட முடிந்திருக்காது, அதை அவரிடம் சொல்லுங்கள் என்றார்.

அதாவது, மாமா காபி போடப் போய், இடது அடுப்புக்குப் பதில் வலது அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார். வராந்தாவில் பேப்பர் படித்துவிட்டு வந்து, வாடை பார்த்து, அணைத்து, ஜன்னலையெல்லாம் திறந்து, அப்புறம் சரியான அடுப்பைப் பற்ற வைத்துக் காபி போட்டுக் குடித்திருக்கிறார். அதில் ஒன்றுகூட அவருக்கு நினைவில்லை. நினைவிருந்தால் நோட்டில் முதலில் அதைத்தான் எழுதியிருப்பார். பொய் எழுதுகிறவர் இல்லை.

என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். டாக்டர் இன்னா சொன்னாங்க என்றார். கத்தியிருக்காதாம் மாமா, கஷ்டப்படவில்லையாம் என்றேன். காரணம் என்றார். ஏதோ காற்றில் வந்த விஷம் என்று சொன்னார்கள் என்றேன். அப்படிச் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்வது?

பக்கத்து வீட்டுத் தணிகாசலம் அண்ணன் அந்தச் செவ்வாய், புதன் இரண்டு நாளும் கேட்டுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தார். மாமா நோட்டைப் புரட்டி, காற்று அந்தப் பக்கமிருந்துதான் என்று பார்த்து, நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். சத்தம் போடவில்லை. நோட்டைப் பார்த்து நேரம், திசை எல்லாம் வாசித்தார். வாசித்துவிட்டு, "பத்து வருஷமா பக்கத்து வூட்ல இருக்கறீங்க, ஜன்னல சாத்திக்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். அந்த மனுஷன் முகம் செத்துவிட்டது. "மூர்த்தி அண்ணே, எனக்கு சத்தியமா தெரியாதுண்ணே" என்றார். சாயங்காலம் தன் மனைவி கமலா அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா ரூமை விட்டு வெளியே வரவில்லை. கமலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் மத்தியானம் சாப்பிடவே இல்லை வினோதா, ஒரு உயிரைக் கொன்னுட்டேன்னு புலம்பறார் என்று சொன்னார்கள்.  அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன். பின்னால் மாமா ரூம் கதவு பாதி திறந்திருந்தது.

இரண்டு பேரும் தினமும் விடியற்காலையில் ஏர்போர்ட் ரோட்டில் ஒன்றாக நடந்து போய், ஒரே பெஞ்சில் டீ குடித்துவிட்டு வருவார்கள். இப்போது மாமா சிவாஜி சிலைப் பக்கம் தனியாகப் போகிறார். தணிகாசலம் அண்ணன் நடப்பதையே விட்டுவிட்டார். அந்தக் கேட்டில் பாதிதான் பெயின்ட். மீதி துருப்பிடித்தபடியே நிற்கிறது.

தோசைக்கல்லை நான் ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக் கொண்டுபோய் ஆபீஸ் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். இரும்புக் கல் வாங்கியிருக்கிறேன், ரத்தத்துக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன். ஆபீஸ் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு, காபியை பிளாஸ்கில் ஊற்றி வைக்கிறேன். மாமா ஏன் என்று கேட்டார். கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்றேன்.  ரெகுலேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன மாதம் பால் பாக்கெட் பீரோவில் இருந்தது. ரேஷன் கடைக்குப் போனவர் கார்டை வைத்துக்கொண்டே, கார்டு கொண்டுவரவில்லை என்று திரும்பி வந்தார். வயசு எழுபத்தி நாலு, இதெல்லாம் சகஜம் என்றுதான் நினைத்தேன். இப்போது ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் சொல்லாமல் இருந்தால் தணிகாசலம் அண்ணன் செய்யாத தப்புக்குத் தலை குனிந்து நடப்பார். சொன்னால், தீயை அணைத்தே வாழ்ந்த மனுஷனிடம் நீங்கள்தான் அடுப்பை மறந்தீர்கள், உங்கள் முசியேவை நீங்கள்தான் என்று என் வாயால் சொல்ல வேண்டும். எது சரி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். லீவு ஜனவரியில்தான் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

உங்கள்,
வினோதா.


லாஸ்பேட்டை, புதுச்சேரி.
6-8-2024.

அன்பு மகன் கலைவாணனுக்கு, அப்பா தட்சிணாமூர்த்தி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு மழை இல்லை. ஆடி மாதம், மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. மருமகளும் பேத்தியும் சௌக்கியம்.

இதை நானே தபாலாபீஸ் போய்ப் போடுகிறேன். உன் கைக்கு வரப் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகும் என்றார்கள். பரவாயில்லை. போனில் சொல்லக்கூடியது இல்லை. வினோதா பார்க்க வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

முசியே இறந்தது பற்றிய விசாரணை முடிந்துவிட்டது. நீ என் மகன், உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. எங்கள் ஸ்டேஷனில் எழுதுகிற மாதிரி முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணம் நான்.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் தணிகாசலத்தின் பெயின்ட் என்று முடிவு கட்டியிருந்தேன். ஆனால் சமையலறையில் இரண்டு மாற்றம் என் கண்ணில் பட்டது. ரெகுலேட்டர் மூடியிருந்தது. தோசைக்கல் காணாமல் போயிருந்தது. எரிந்த வீட்டில் ஒரு சாமான் இடம் மாறியிருந்தால் அதை யார் எடுத்தார், ஏன் எடுத்தார் என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். வினோதா எடுத்திருக்கிறாள். அப்படியென்றால் அவள்தான் காலை அவசரத்தில் அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறாள், பயத்தில் கல்லை ஒளித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு பத்து நிமிஷம் அவள் மேல் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, பிள்ளை, நான், எல்லாவற்றையும் ஒருத்தியாக இழுத்துக்கொண்டு ஓடுகிற பெண். ஒருநாள் மறந்திருப்பாள். அதைத் தோண்டி நான் என்ன செய்யப் போகிறேன் என்று நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் அப்படியே விட்டேன்.

மனசு கேட்கவில்லை. நானே அந்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். கல் காய்ந்தால் பறவை சாகுமா என்று மட்டும் கேட்டேன். "உங்க மருமகளுக்கு எல்லாம் சொல்லி அனுப்பினேனே ஐயா" என்றார். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். நிமிஷக் கணக்கு என்றார்.

அங்கேதான் எனக்கு இடித்தது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திரும்ப எடுத்தேன். வினோதா கிளம்பியது எட்டு நாற்பது. பத்தேகாலுக்கு நான் முசியேவுக்குத் தினை வைத்தேன், கையிலிருந்து தின்றது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பத்து நாற்பதுக்குக் காபி போடப் போனேன். காபி குடித்தது பதினொன்று இருபது. அவள் அடுப்பை விட்டுவிட்டுப் போயிருந்தால் பத்தேகாலுக்கு அது தினை தின்றிருக்காது. காபி போடப் போனதற்கும் குடித்ததற்கும் நடுவில் நாற்பது நிமிஷம். ஒரு காபிக்கு நாற்பது நிமிஷம் எதற்கு? அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது நான் ஒருவன்.

சந்தேகத்தின் பேரில் எழுதக் கூடாது என்பது எங்கள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வினோதாவும் இனியாவும் காலாப்பட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். நான் ரெகுலேட்டரைத் திறந்து, கடிகாரத்தை மேடை மேல் வைத்து, அன்றைக்குப் போலவே காபி போட்டுப் பார்த்தேன். பால் பாத்திரத்தை இடது அடுப்பில் வைத்தேன். பற்ற வைத்தேன். அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கவில்லை. ஏன் பொங்கவில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் போயிருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, தீ வலது அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. சோதித்துப் பார்க்கிறேன் என்று தெரிந்தே நின்ற எனக்கு, கலைவாணா, எதிரில் எரிகிற நெருப்பு கண்ணில் படவில்லை. ஐந்நூறு வீட்டுக்காவது நெருப்பணைக்கப் போயிருப்பேன்.

அணைத்தேன். ரெகுலேட்டரை மூடினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் புதன்கிழமை இப்போதும் ஞாபகம் வரவில்லை. எவ்வளவோ முயற்சி செய்து பார்த்துவிட்டேன். வராந்தா இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, காபி இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் என்ன இருந்தது, நான் என்ன செய்தேன், யாராக இருந்தேன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அன்றைக்கே தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, முன்னால் வாசித்தது தவறு, காரணம் நான்தான் என்று சொன்னேன்.  அவன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "ரெண்டு வாரமா கால் மரத்துக் கெடக்குது, வாங்கண்ணே ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றான். பாதி வழியில் நான் அவனிடம் எல்லாம் சொன்னேன். அடுப்பு மட்டுமில்லை. தவளக்குப்பம் கல்யாணத்துக்குப் போனபோது, திரும்பி வர எந்தப் பஸ் என்று தெரியாமல் ஜங்ஷனில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். இனியாவை இரண்டு தடவை என் தங்கை, உன் அத்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். அது குழந்தை, விளையாட்டு என்று நினைத்து ஏன் என்று கேட்டது. இப்போது ரோட்டைத் தாண்டும்போது தணிகாசலம் என் கையைப் பிடித்துக்கொள்கிறான். நானும் விட்டுவிடச் சொல்வதில்லை. கமலாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான், வினோதாவிடம் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

நீயும் இப்போதைக்குச் சொல்லாதே. எனக்குத் தெரியக் கூடாது என்று அந்தப் பெண் மூன்று வாரமாகப் படாத பாடு படுகிறாள். இரும்புக் கல்லில் தோசை ஒட்டிக்கொண்டு வருகிறது, பிய்த்துப் பிய்த்து எடுக்கிறாள், ஆனால் ரத்தத்துக்கு நல்லது என்கிறாள். நானும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறேன். தணிகாசலத்திடம் எப்படி ராசியானீர்கள் என்று கேட்டாள். பெயின்ட் இல்லை என்று காற்றுத் திசையை வைத்துக் கண்டுபிடித்தேன், காரணம் தெரியவில்லை என்று விசாரணையை மூடிவிட்டேன் என்றேன். அவள் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்தது. நீ வந்த பிறகு நானே உட்கார வைத்துச் சொல்லிக்கொள்கிறேன். தனியாக இருக்கும்போது அவளுக்கு இது வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. விசாரித்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு முசியே செத்ததாகவே தோன்றவில்லை. தினமும் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன், அதுவும் நோட்டில் இருந்துகொண்டிருந்தது. காரணம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மூடின பிறகு வீடு காலியாகிவிட்டது. அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருந்தேன். உன் அம்மாவுக்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் போனபோது அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தாயே, உனக்குத் தெரிந்திருக்கும். வரும்போது சொல்லு.

பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் தயார், பயப்பட மாட்டேன். என்ன ஏது என்று தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர் சொல்வதைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ள என் கூட ஒருவர் வேண்டும். வினோதா நல்ல பெண், ஆனால் அது மகன் இருக்க வேண்டிய இடம். இனியா பள்ளிவிட்டு வந்து நான் மட்டும் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அவளைக் கமலா வீட்டில் படிக்க உட்கார வைத்திருக்கிறேன், டிவி சத்தம் இல்லாத வீடு என்று சொல்லி.

உன் கம்பெனி லீவு ஜனவரியில்தான் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதைக் காலண்டரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். முடிந்தால் அதற்கு முன்னால் வா. ஏர்போர்ட்டிலிருந்து நீ வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால், யார் என்று கேட்காமல், வாடா கலைவாணா என்று கூப்பிட்டு நான்தான் திறக்க வேண்டும். அந்த நாளுக்குள் வா.

உயரத்தில் வேலை செய்கிறாய். ஏறும்போதும் இறங்கும்போதும் ஜாக்கிரதை. உனக்கும் உன் பெண்டாட்டி பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று உன் அம்மா செல்வாம்பாள் படத்துக்கு முன்னால் தினமும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
தட்சிணாமூர்த்தி.